நூறு டாலர் லென்ஸ் பத்து டாலருக்கு வந்த கதை

மருத்துவத்தில் புதிய கண்டுபிடிப்பு என்று யாராவது பேச ஆரம்பித்தால் ரோபோ ஆபரேஷன், செயற்கை நுண்ணறிவு, முப்பரிமாண அச்சில் செய்த எலும்பு என்று பேச்சு எங்கேயோ போய்விடும். எல்லாம் பெரிய விஷயங்கள்தான், மறுக்கவில்லை. நான் இங்கே எழுத எடுத்துக்கொண்டது ரொம்பச் சின்னப் பொருள். எடை ஏறத்தாழ 20 மில்லிகிராம், அதாவது ஒரு கிராமில் ஐம்பதில் ஒரு பங்கு. நடுவட்டம் 6 மில்லிமீட்டர். இரண்டு பக்கமும் மீசை மாதிரி வளைந்த இரண்டு கைகள். விரல் நுனியில் வைத்து ஊதினால் பறந்துவிடும். கண்புரை ஆபரேஷனில் கண்ணுக்குள் வைக்கிற லென்ஸ்தான் அது.

இதைக் கண்டுபிடித்தது 1949-ல், லண்டனில். ஆனால் நம் ஊர் ஏழைக் கிழவிக்கு இது கிடைக்க இன்னும் நாற்பது வருடத்துக்கு மேல் ஆனது. அந்த இடைவெளி ஏன், அதை மூடியது யார் என்பதுதான் என் விஷயம். மூடியது டாக்டர்கள் மட்டும் இல்லை, ஒரு காஸ்ட் ஷீட்டும்தான் என்பது என் கட்சி. காமர்ஸ் படிக்கிறவன் வேறு எப்படிச் சொல்வான் என்று நீங்கள் சிரிக்கலாம். படித்துவிட்டுச் சிரியுங்கள்.

முதலில் கண்புரை. பிறக்கும்போதே நம் கண்ணுக்குள் ஒரு லென்ஸ் இருக்கிறது. வயசு ஆக ஆக அது கலங்கும். தெளிந்த தண்ணீரில் கொஞ்சம் கொஞ்சமாக அரிசி கழுவின தண்ணீரைக் கலந்தால் எப்படி இருக்கும், அப்படி. எங்கள் எர்ணாவூர் பக்கம் "கண்ணுல பொரை விழுந்திடுச்சு" என்பார்கள். சிலர் "சதை வளர்ந்திருக்கு" என்பார்கள், அது உண்மையில் வேறு நோய். புரையைக் கரைக்க மருந்து கிடையாது, சொட்டு மருந்தில் சரியாகும் என்று சொல்கிறவரை நம்ப வேண்டாம். ஆபரேஷன் ஒன்றுதான் வழி. சுஸ்ருத சம்ஹிதையிலேயே இதற்கு ஒரு முறை சொல்லியிருக்கிறது. கலங்கிய லென்ஸை ஊசியால் தள்ளி, பார்வை வழியிலிருந்து ஒதுக்கிவிடுவது. பிற்காலத்தில் லென்ஸைத் தள்ளாமல் முழுதாக வெளியே எடுத்துவிட்டார்கள்.

எடுத்தாயிற்று. அப்புறம்? கண்ணுக்குள் லென்ஸே இல்லை. வெளிச்சம் வரும், உருவம் தெளிவாக விழாது. அதனால் வெளியே ஒரு கண்ணாடி கொடுப்பார்கள், பவர் பத்து டயாப்டர் வாக்கில். சோடாபுட்டிக் கண்ணாடி என்று கேலி செய்வோமே, அதேதான். அந்தத் தலைமுறைக் கிழவர்களில் பாதிப் பேர் முகத்தில் இருந்தது அந்தக் கண்ணாடி.

அது பார்வை மாதிரி ஒன்றுதான், பார்வை இல்லை. அதன் வழியாகப் பார்த்தால் எல்லாம் நாலில் ஒரு பங்குக்கு மேல் பெரிதாகத் தெரியும். டம்ளர் கிட்டே இருப்பது போலத் தோன்றும், கை நீட்டினால் காற்று. படிக்கட்டு எங்கே முடிகிறது என்று தெரியாது. ஓரங்களில் வளையமாக ஒரு குருட்டுப் பகுதி இருப்பதால், பக்கத்திலிருந்து வருகிற சைக்கிள் திடீரென்று முளைத்த மாதிரி முன்னால் நிற்கும். ஒரு கண்ணுக்கு மட்டும் ஆபரேஷன் ஆகியிருந்தால் இன்னும் கஷ்டம். ஒரு கண்ணில் பெரிய உருவம், இன்னொன்றில் சின்ன உருவம், மூளை இரண்டையும் சேர்க்க முடியாமல் தவிக்கும். எங்கள் தெருவில் ஓர் ஆயா இருந்தது. அந்தக் காலத்து ஆபரேஷன், அந்தக் காலத்துக் கண்ணாடி. சொம்பிலிருந்து தண்ணீர் ஊற்றும்போது டம்ளர் விளிம்பை இடது கை விரலால் தொட்டுக்கொண்டுதான் ஊற்றும். கண்ணாடி போட்டிருக்கும்போதே அப்படி. கண்ணாடி உடைந்தால்? ஆபரேஷனுக்கு முன்னால் இருந்த அதே நிலைமைதான். புதிதாக வாங்கப் பணம், கூட்டிப் போக ஆள், இரண்டும் வேண்டும்.

ஆக, லென்ஸை எடுத்த இடத்தில் இன்னொரு லென்ஸை வைத்துவிட்டால் என்ன என்ற கேள்வி இயல்பாக வர வேண்டியது. ஆனால் வரவில்லை. கண்ணுக்குள் அந்நியப் பொருளை வைப்பது பைத்தியக்காரத்தனம் என்பதே டாக்டர்களின் பாடம். கண்ணுக்குள் போனதை வெளியே எடுக்கத்தான் அவர்களுக்குப் பயிற்சி.

இரண்டாம் உலகப் போரில் இந்தப் பாடம் லேசாக ஆட்டம் கண்டது. பிரிட்டிஷ் போர் விமானங்களில் விமானி தலைக்கு மேல் இருந்த மூடி பெர்ஸ்பெக்ஸ் என்ற பிளாஸ்டிக். குண்டு பட்டு அது சிதறி, துண்டுகள் விமானிகளின் கண்ணுக்குள் போயின. அப்படி வந்தவர்களைப் பார்த்த ஹெரால்ட் ரிட்லி என்ற லண்டன் கண் டாக்டர் ஒன்றைக் கவனித்தார். கூர்முனை எதையும் குத்தாத வரைக்கும், அந்தத் துண்டுகளைக் கண் சகித்துக்கொண்டு இருந்தது. ஒருமுறை அவர் கண்புரை ஆபரேஷன் செய்ததைப் பார்த்த ஒரு மாணவர், எடுத்த லென்ஸுக்குப் பதில் வேறொன்று வைக்கவில்லையா என்று கேட்டாராம். அந்தக் கேள்விதான் அவரைக் கிளப்பிவிட்டது என்று ஒரு கதை உண்டு. வகுப்பில் அசட்டுக் கேள்வி கேட்கத் தயங்குகிற நண்பர்கள் இதைக் குறித்துக்கொள்ளலாம் :)

1949 நவம்பர் 29-ந் தேதி லண்டன் செயின்ட் தாமஸ் மருத்துவமனையில் ரிட்லி முதல் லென்ஸை வைத்தார். செய்து கொடுத்தது ரேனர் என்ற கம்பெனி. அதே பெர்ஸ்பெக்ஸ் வகைதான், கொஞ்சம் சுத்தமான தரம். பவர் கணக்கு தப்பிப்போய் அந்த நோயாளிக்குப் பலமான கிட்டப்பார்வை வந்துவிட்டது. ஆனால் கண் லென்ஸைத் தள்ளிவிடவில்லை. 1951-ல் ஆக்ஸ்ஃபோர்டு மாநாட்டில் இதைச் சொன்னபோது பெரிய பெரிய டாக்டர்கள் எதிர்த்தார்கள். அவருடைய முதல் லென்ஸ்கள் கனமானவை, 100 மில்லிகிராமுக்கு மேல், நகர்ந்து விழுந்தவையும் உண்டு. அதனால் எதிர்த்தவர்களிடமும் கொஞ்சம் நியாயம் இருந்தது. முப்பது வருடம் வடிவத்தை மாற்றி மாற்றிப் பார்த்து, 1981-ல்தான் அமெரிக்க அரசின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு இதற்கு முறையான அனுமதி கொடுத்தது. அதன் பிறகு பணக்கார நாடுகளில் சோடாபுட்டி சில வருடங்களில் மறைந்துபோனது. ரிட்லிக்கு 2000-ல் சர் பட்டம் கொடுத்தார்கள், அப்போது அவருக்கு வயது 93. மறு வருடம் இறந்தார்.

இங்கே கதையை முடித்துவிட்டு "அறிவியல் வென்றது" என்று போடுகிறார்கள் நிறையப் பேர். எனக்கு இங்கேதான் கதை ஆரம்பிக்கிறது. ஏனென்றால் 1990-களின் தொடக்கத்தில் ஒரு லென்ஸ் விலை ஏறத்தாழ 100 டாலர். ஒரு டாலருக்கு 25-லிருந்து 30 ரூபாய் என்றால்கூட, வெறும் லென்ஸுக்கு மட்டும் 2,500, 3,000 ரூபாய். டாக்டர், மருந்து, படுக்கை எல்லாம் தனி. கூலி வேலைக்குப் போகிற குடும்பத்துக்கு அது பல மாத வருமானம்.

இப்போது நம் பக்கத்து ஆள் ஒருவரைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

பழைய ஜெயில் ரோட்டில் இருக்கிற ஸ்டான்லி ஆஸ்பத்திரிக்குப் போகாத வடசென்னைக் குடும்பம் உண்டா? "கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி" என்றால்தான் எங்கள் வீட்டுப் பெரியவர்களுக்குப் புரியும். 1782 பஞ்சத்தில் அந்த இடத்தில் கஞ்சி ஊற்றிய மணியக்காரர் சத்திரத்திலிருந்து வந்த பெயர். அந்த ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்து 1944-ல் டாக்டரானவர் கோ. வெங்கடசாமி. 1918-ல் எட்டயபுரத்துக்குப் பக்கத்தில் அயன்வடமலாபுரம் என்ற கிராமத்தில், விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். உறவுப் பெண்கள் பிரசவத்தில் இறந்துபோனதைப் பார்த்து, பிரசவ டாக்டராக ஆசைப்பட்டார். படிப்பு முடிந்து ராணுவ மருத்துவப் பிரிவில் சேர்ந்த சில வருடங்களில் கடுமையான முடக்குவாதம் வந்தது. மாதக்கணக்கில் படுத்த படுக்கை. விரல்கள் கோணிக்கொண்டன, நிரந்தரமாக. பிரசவம் பார்க்க முடியாது. கண் மருத்துவம் படித்தார்.

கோணிய விரலோடு கண் ஆபரேஷனா என்று கேட்டால், ஆமாம். தன் விரலுக்கு ஏற்ற மாதிரி கருவிகளை வடிவமைத்துக்கொண்டு பழகினார். வாழ்நாளில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட ஆபரேஷன்கள். மதுரை அரசு மருத்துவமனையில் கண் பிரிவுத் தலைவராக இருந்து, கிராமம் கிராமமாக முகாம் நடத்தினார். 1973-ல் பத்மஸ்ரீ. 1976-ல், 58 வயதில் ஓய்வு பெற்றதும், வீட்டை அடமானம் வைத்து, தங்கை டாக்டர் நாச்சியார், மைத்துனர் டாக்டர் நம்பெருமாள்சாமி முதலானவர்களைச் சேர்த்துக்கொண்டு மதுரையில் 11 படுக்கையோடு ஒரு கண் ஆஸ்பத்திரி ஆரம்பித்தார். அரவிந்தரின் பெயர். அதுதான் அரவிந்த் கண் மருத்துவமனை. பணம் கொடுப்பவர்களிடம் வாங்கி, முடியாதவர்களுக்கு இலவசமாகச் செய்வது என்பது முதல் நாளிலிருந்து ஏற்பாடு. ஏழை என்று சர்டிஃபிகேட் எதுவும் கேட்பதில்லை, எந்த வாசலில் நுழைவது என்பதை வருகிறவரே முடிவு செய்துகொள்ளலாம்.

அரவிந்தின் ஆபரேஷன் முறையைப் பற்றி ஹார்வர்டு பிசினஸ் பள்ளியில் 1993-லேயே ஒரு கேஸ் ஸ்டடி வந்துவிட்டது, எம்.பி.ஏ. போகிற நண்பர்களுக்கு எப்படியும் பாடத்தில் வரும். அதனால் சுருக்கமாகச் சொல்கிறேன். ஒரு டாக்டருக்கு இரண்டு மேசை. ஒன்றில் ஆபரேஷன் நடக்கும்போது அடுத்ததில் நோயாளி தயாராக இருப்பார். முடிந்ததும் டாக்டர் மைக்ராஸ்கோப்பைத் திருப்பிக்கொண்டு அடுத்தவரைப் பார்ப்பார். மற்ற எல்லா வேலையும் கிராமங்களிலிருந்து வந்து பயிற்சி எடுத்த பெண்களுடையது. டாக்டரின் நேரம்தான் விலை உயர்ந்தது, அதை வீணாக்காதே என்பதுதான் சூத்திரம். டாக்டர் வெங்கடசாமி மெக்டொனால்ட்ஸ் கடையை உதாரணம் காட்டிப் பேசுவார் என்பது எல்லோருக்கும் தெரிந்த கதை.

இவ்வளவு திறமையாகச் செய்தும், இலவச நோயாளி கடைசியில் சோடாபுட்டிக் கண்ணாடியோடுதான் வீட்டுக்குப் போனார். காசு கொடுத்தவருக்கு லென்ஸ், கொடுக்காதவருக்குக் கண்ணாடி. ஒரே ஆஸ்பத்திரி, ஒரே டாக்டர், இரண்டு வகைப் பார்வை. எனக்கு இந்தக் கதையிலேயே உறுத்துகிற இடம் இதுதான். அவர்களுக்கும் உறுத்தியிருக்க வேண்டும். அமெரிக்காவின் சேவா அறக்கட்டளை மூலமாக, குறிப்பாக டேவிட் கிரீன் என்பவர் முயற்சியில், அங்கிருக்கும் கம்பெனிகளிடம் தானமாக லென்ஸ் வாங்கி வந்தார்கள். தானத்தில் ஒரு பிரச்சினை உண்டு. கொடுப்பவர் மனம் இருக்கும் வரைதான் வரும், அவர்களிடம் எந்தப் பவர் மிச்சமோ அதுதான் வரும். ஆபரேஷன் எண்ணிக்கை ஆயிரக்கணக்கில் ஏறும்போது, அடுத்த மாதம் ஸ்டாக் வருமா என்று தெரியாமல் எதையும் திட்டமிட முடியாது.

அப்போது உலக அளவில் ஒரு வாதம் நடந்தது. ஏழை நாடுகளுக்கு இந்த லென்ஸ் தேவையா என்று. "தேவையில்லை" என்று சொன்னவர்களைக் கெட்டவர்கள் என்று நினைக்க வேண்டாம். அவர்கள் சொன்ன காரணங்கள் கனமானவை. லென்ஸ் வைக்க மைக்ராஸ்கோப் வேண்டும், புதிதாகப் பயிற்சி வேண்டும். லென்ஸ் வைப்பதற்காகக் கண்ணில் விட்டுவைக்கிற மெல்லிய உறை பின்னாளில் கலங்கினால், லேசர் வைத்துச் சரிசெய்ய வேண்டும், அதற்கு இன்னொரு மெஷின். ஒருவருக்கு லென்ஸ் வைக்கிற செலவில் பல பேருக்குப் பழைய முறையில் ஆபரேஷன் செய்து கண்ணாடி கொடுத்துவிடலாமே? லட்சக்கணக்கில் பார்வையில்லாதவர்கள் காத்திருக்கும்போது எது நியாயம்?

கணக்குச் சரிதான். ஆனால் அந்தக் கணக்கில் ஒரு எண்ணை யாரும் தொடவில்லை. லென்ஸ் விலை 100 டாலர் என்பதை மழை வெயில் மாதிரி, இயற்கை கொடுத்தது மாதிரி எடுத்துக்கொண்டு, மிச்சத்தை மட்டும் கூட்டிக் கழித்தார்கள்.

அரவிந்த் கூட்டம் அந்த எண்ணைத் தொட்டது. ஃப்ளோரிடாவில் இருந்த ஒரு கம்பெனியிடமிருந்து தொழில்நுட்பத்தை வாங்கி, 1992-ல் மதுரையில் ஆரோலேப் என்ற தொழிற்கூடத்தை லாப நோக்கில்லாத டிரஸ்டாக ஆரம்பித்தார்கள். வருடத்தைக் கவனியுங்கள். தாராளமயத்துக்கு மறு வருடம். ஊரெல்லாம் வெளிநாட்டுச் சரக்கு வரப்போகிறது என்று பேசிக்கொண்டிருந்தபோது, வெளிநாட்டுச் சரக்கை இங்கேயே செய்யப் போனார்கள். அமெரிக்காவில் படித்துவிட்டு வந்த என்ஜினியர் டாக்டர் பி. பாலகிருஷ்ணன் அதன் பொறுப்பை எடுத்து வளர்த்தார்.

அந்த லென்ஸ் எப்படிச் செய்யப்படுகிறது என்று படித்தபோது எனக்கு ஒரு சந்தோஷம். எங்கள் பக்கத்தில் பிறந்தவனுக்கு அது சட்டென்று புரியும். எண்ணூர், திருவொற்றியூர், மணலி என்று சுற்றிலும் பெரிய ஆலைகள், அவற்றுக்குச் சின்னச் சின்ன உதிரிபாகம் கடைந்து கொடுக்கிற லேத் பட்டறைகள். லென்ஸும் லேத்தில்தான் கடைகிறார்கள்! அக்ரிலிக் பிளாஸ்டிக்கைச் சட்டைப் பொத்தான் மாதிரி வட்டமாக எடுத்து, கம்ப்யூட்டர் கட்டுப்பாட்டு லேத்தில் வளைவைக் கடைந்து, மில்லிங்கில் கைகளோடு சேர்த்து ஒரே துண்டாக வெட்டி எடுக்கிறார்கள். அப்புறம் பாலிஷ். ஒவ்வொன்றாகத் தேய்ப்பதில்லை. ஒரு உருளையில் கண்ணாடி மணிகளோடு போட்டு நாள்கணக்கில் சுற்றவிடுகிறார்கள். பட்டறையில் போல்ட், நட்டுகளின் பிசிறு போக டிரம்மில் போட்டுச் சுற்றுவார்களே, அந்தத் தத்துவம்தான். வித்தியாசம் நுணுக்கத்தில். பட்டறையில் மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு தப்பினால் திட்டு விழும், இங்கே அதற்கும் பல மடங்கு கீழே போக வேண்டும். தூசி இல்லாத அறை, மைக்ராஸ்கோப்பில் ஒவ்வொரு லென்ஸாகப் பரிசோதனை, எத்திலீன் ஆக்சைடு வாயுவில் கிருமி நீக்கம், சீல். வேலை செய்பவர்களில் பெரும்பாலோர் மதுரையைச் சுற்றியுள்ள கிராமத்துப் பெண்கள், உள்ளேயே பயிற்சி கொடுத்து எடுத்தவர்கள்.

ஆரோலேப் லென்ஸ் வெளிவந்தபோது விலை ஏறத்தாழ 10 டாலர். சில வருடங்களில் 5 டாலருக்குக் கீழே இறங்கியது. பின்னால் சாதாரண வகை 2 டாலர் வாக்கில் வந்தது.

எப்படி? "இந்தியாவில் கூலி குறைவு" என்று ஒரு வரியில் முடித்துவிடுவார்கள். அது ஒரு காரணம், முழுக் காரணம் இல்லை. நம் காஸ்ட் அக்கவுண்டிங் பாடத்தைக் கொஞ்சம் இங்கே இழுக்கிறேன். லென்ஸில் மூலப்பொருள் செலவு என்ன? 20 மில்லிகிராம் பிளாஸ்டிக். கடையும்போது சீவலாகப் போவதையும் சேர்த்தால்கூடப் பெரிய தொகை இல்லை. பெரிய செலவு எல்லாம் நிலையான செலவு. லேத், சுத்த அறை, கிருமிநீக்க இயந்திரம், தரப் பரிசோதனை, சர்வதேசச் சான்றிதழ். ஒரு லென்ஸ் செய்தாலும் அவ்வளவு, ஒரு லட்சம் செய்தாலும் கிட்டத்தட்ட அவ்வளவு.

உதாரணத்துக்கு ஒரு கணக்கு, எண்கள் நானாகப் போட்டவை, ஆரோலேப் கணக்கு இல்லை. வருடத்துக்கு நிலையான செலவு ஒரு கோடி, ஒரு லென்ஸுக்கு மாறும் செலவு 40 ரூபாய் என்று வையுங்கள். பத்தாயிரம் லென்ஸ் செய்தால் ஒன்றுக்கு 1,040 ரூபாய் அடக்கம். ஐந்து லட்சம் செய்தால் 60 ரூபாய். அதே கட்டடம், அதே லேத், அதே பெண்கள். மாறியது எண்ணிக்கை மட்டும்.

"எண்ணிக்கை வந்தால் யார்தான் விலை குறைக்க மாட்டார்கள்" என்று கேட்கலாம். புதிதாக ஆரம்பிக்கிற எந்தக் கம்பெனிக்கும் முதல் பயமே சரக்கு விற்குமா என்பதுதான். ஆரோலேப்புக்கு அந்தப் பயம் குறைவு. பக்கத்திலேயே நாட்டின் மிகப் பெரிய வாடிக்கையாளர் உட்கார்ந்திருந்தார், அரவிந்த் ஆஸ்பத்திரி. டாக்டர் வீணாகாமல் இரண்டு மேசை போட்டார்களே, அந்த வேகம்தான் லேத் வீணாகாமல் ஓடவும் காரணம். மேலைநாட்டுக் கம்பெனியின் 100 டாலரில் அடக்கவிலை போக விற்பனைப் பிரதிநிதி, விளம்பரம், இன்ஷூரன்ஸ், ஆராய்ச்சி, பங்குதாரர் லாபம் எல்லாம் இருந்தன. அதில் ஆராய்ச்சிப் பணத்தை நான் குறை சொல்ல மாட்டேன், ரிட்லியிலிருந்து 1981 வரை யாரோ செலவு செய்ததால்தான் மதுரைக்குத் தொழில்நுட்பம் கிடைத்தது. ஆனால் விலை என்பது அடக்கத்திலிருந்து வரவில்லை, அந்த ஊர் வாடிக்கையாளர் எவ்வளவு தாங்குவார் என்பதிலிருந்து வந்தது. ஆரோலேப் எதிர்த்திசையிலிருந்து ஆரம்பித்தது. நம் நோயாளி எவ்வளவு தாங்குவார், அதற்குள் எப்படிச் செய்வது? இதற்குப் பாடப்புத்தகத்தில் டார்கெட் காஸ்டிங் என்று பெயர், ஜப்பான் கார் கம்பெனிகளைத்தான் உதாரணம் காட்டுவார்கள். மதுரையையும் ஒரு வரி சேர்த்தால் என்ன குறைந்துபோய்விடும்?

இன்னொன்று. விற்று வந்த பணத்தில் உபரியும் நின்றது. அந்த உபரியை வைத்துத்தான் ஆபரேஷன் தையல் நூல், கத்தி, கண் மருந்து என்று அடுத்தடுத்துப் போனார்கள். தர்மமாக நடத்தியிருந்தால் தானம் நின்ற நாளில் லேத்தும் நின்றிருக்கும்.

விலை இறங்கியது ஒரு பக்கம். லென்ஸ் உண்மையிலேயே கண்ணாடியைவிட நல்லதா, அதுவும் கிராமத்து முகாமிலிருந்து வருகிற நோயாளிக்கு, என்பதற்கு ஆதாரம் வேண்டாமா? அதையும் மதுரையிலேயே செய்தார்கள். இரண்டு கண்ணும் புரையால் மறைந்த, 40-லிருந்து 75 வயதுக்குட்பட்ட 3,400 பேரைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து, ஒரு பகுதிக்குப் பழைய ஆபரேஷனும் கண்ணாடியும், மறுபகுதிக்கு லென்ஸும். அமெரிக்க தேசியக் கண் நிறுவன ஆய்வாளர்களும் இதில் சேர்ந்திருந்தார்கள். 1998-ல் முடிவு வெளியானது. பார்வையிலும் அன்றாட வாழ்க்கையிலும் லென்ஸ் வைத்தவர்கள் முன்னால் இருந்தார்கள். "ஏழை நாட்டுக்குக் கண்ணாடி போதும்" என்ற வாதத்துக்கு நின்று பேச இடம் குறைந்தது.

அதே காலத்தில் அரசுப் பக்கமும் மாறியது. உலக வங்கிக் கடனில் 1994-ல் ஆரம்பித்த கண்புரைத் திட்டம் தமிழ்நாடு உட்பட ஏழு மாநிலங்களில் நடந்தது. சோடாபுட்டி முறையிலிருந்து லென்ஸ் முறைக்கு நாடு நகர்ந்தது அந்த வருடங்களில்தான். ஆரோலேப் மட்டும் இல்லை, சென்னையைச் சேர்ந்த அப்பாசாமி அசோசியேட்ஸ் போன்ற உள்நாட்டுக் கம்பெனிகளும் லென்ஸ் செய்தன. நேபாளத்தில் காத்மாண்டுவிலும் ஆஸ்திரேலியாவின் ஃபிரெட் ஹாலோஸ் அறக்கட்டளை உதவியோடு ஒரு லென்ஸ் கூடம் 1990-களின் நடுவில் வந்தது. தையலே இல்லாமல் சின்னக் கீறலில், விலை உயர்ந்த மெஷின் இல்லாமல் கையாலேயே செய்யும் ஆபரேஷன் முறையும் இந்த இரண்டு ஊர்களிலும் நன்றாக வளர்ந்தது. லென்ஸ் மலிந்தும் ஆபரேஷன் மலியாமல் இருந்திருந்தால் பாதிப் பயன்தான்.

எல்லாம் நல்லதாகவே நடந்தது என்று எழுத எனக்கும் ஆசைதான். 2008-ல் விழுப்புரம் மாவட்டத்தில் ஓர் இலவச முகாம் மூலம் ஆபரேஷன் செய்துகொண்ட பல ஏழை முதியவர்களுக்குத் தொற்று ஏற்பட்டு அந்தக் கண்ணே போனது. பேப்பரில் பெரிதாக வந்தது, வழக்கும் நடந்தது. லென்ஸ் மலிவானதால் நடந்ததல்ல அது. ஆனால் இலவசம் என்றாலே கிருமிநீக்கத்தில் கொஞ்சம் முன்னே பின்னே இருக்கலாம் என்று நினைக்கிற மனப்பான்மை எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு உதாரணம். காஸ்ட் ஷீட்டில் குறைக்கக்கூடிய செலவு உண்டு, தொடக்கூடாத செலவும் உண்டு. ஆரோலேப் விலையைக் குறைத்தபோது சுத்த அறையைக் குறைக்கவில்லை என்பதை இதோடு வைத்துப் பார்க்க வேண்டும்.

லென்ஸிலும் மேடு பள்ளம் முழுதாகப் போய்விடவில்லை. இப்போது மடித்து உள்ளே அனுப்புகிற லென்ஸ், கிட்டவும் தூரமும் இரண்டும் தெரிகிற லென்ஸ் என்று பல வகை. தனியார் ஆஸ்பத்திரியில் "பேக்கேஜ்" என்று ஒரு அட்டை நீட்டுவார்கள், ஆயிரங்களில் ஆரம்பித்து லட்சத்தைத் தொடும். ஆனாலும் அடிமட்டம் உயர்ந்துவிட்டது. மிகக் குறைந்தது என்று இன்றைக்குக் கிடைப்பதே கண்ணுக்குள் வைக்கிற லென்ஸ்தான், சோடாபுட்டி இல்லை.

இதை இதயத்துக்கு வைக்கிற ஸ்டென்ட்டோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அதிலும் இதே கதை, அடக்கம் ஒன்று, விலை வேறொன்று. 2017 பிப்ரவரியில் மத்திய அரசு ஆணை போட்டு, மருந்து பூசிய ஸ்டென்ட்டுக்கு 29,600 ரூபாய், வெறும் உலோக ஸ்டென்ட்டுக்கு 7,260 ரூபாய் என்று உச்சவரம்பு வைத்தது. அதற்கு முன்னால் மருந்து பூசியதன் சராசரி விலை ஒரு லட்சத்தைத் தாண்டி இருந்தது. ஒரே இரவில் இறங்கியது. அரசு ஆணை போட்டால் விலை இறங்கும், சரி. லென்ஸில் யாரும் ஆணை போடவில்லை. சந்தைக்குள்ளேயே ஒருவர் நுழைந்து, இவ்வளவுக்குக் கொடுக்க முடியும் என்று கொடுத்துக் காட்டினார், மற்றவர்கள் இறங்கி வந்தார்கள். எது நல்ல வழி என்று கேட்டால், இரண்டும் வேண்டும் என்பேன். ஆணை வேகமானது. ஆனால் ஆணையால் புதிதாக ஒரு லேத் ஓடாது, ஒரு பெண்ணுக்கு வேலை கிடைக்காது, நைஜீரியாவுக்கோ வங்காளதேசத்துக்கோ ஒரு பெட்டி போகாது. ஆரோலேப் சரக்கு இன்று நூற்றுக்கும் மேற்பட்ட நாடுகளுக்குப் போகிறது.

டாக்டர் வெங்கடசாமி 2006 ஜூலை 7-ந் தேதி காலமானார். பதினொரு படுக்கையில் ஆரம்பித்த அரவிந்த் குழுமம், வருடத்துக்கு நான்கு லட்சத்துக்கும் மேற்பட்ட கண் ஆபரேஷன்கள் செய்கிற அளவுக்கு வளர்ந்தது. 2017-ல் சென்னைக்கும் வந்தது, பூந்தமல்லி நெடுஞ்சாலையில் நூம்பலில். எர்ணாவூரிலிருந்து அது நகரத்தின் அந்தக் கோடி, இரண்டு பஸ் மாறிப் போக வேண்டும். எங்கள் பக்கத்துக்கு ஸ்டான்லியும், 1819-ல் தொடங்கிய எழும்பூர் கண் ஆஸ்பத்திரியும்தான் கிட்டத்தில். எழும்பூர், ஆசியாவிலேயே மிகப் பழைய கண் ஆஸ்பத்திரி என்பதை நம்மில் எத்தனை பேர் அறிவோம்! வெங்கடசாமி கண் மருத்துவம் கற்றதும் அங்கேதான்.

ஆரோலேப் லென்ஸோடு நிற்கவில்லை. கண் அழுத்த நோய் முற்றிப்போய் சொட்டு மருந்துக்குக் கட்டுப்படாதவர்களுக்கு, கண்ணிலிருக்கும் நீரை வடித்துவிட ஒரு சின்னக் குழாயும் தட்டும் சேர்ந்த சாதனம் உண்டு. வெளிநாட்டுச் சாதனம் பல நூறு டாலர். அதே அமைப்பில் சிலிக்கோனில் செய்து 2013-ல் ஆரோலேப் வெளியிட்டது, ஏறத்தாழ 50 டாலருக்கு.